பழைய காரின் தாங்கியில் கெட்ட பெற்றோல்: எங்கிருந்து தொடங்குவது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மொரிஸ் மைனரோ ஒஸ்டின் கேம்பிரிட்ஜோ வைத்திருக்கும் பலருக்கு அது தினமும் ஓடும் வண்டி இல்லை. அப்பா விட்டுப்போனதாக இருக்கும், கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுப்பதாக இருக்கும், அல்லது யாரோ வீட்டு மாமரத்தடியில் கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கும். நின்று நின்று பழகிய வண்டி ஒருநாள் சண்டித்தனம் காட்டும். வீட்டில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், கல்லடிப் பாலத்தில் ஏறும்போது இழுக்காமல் திணறும், அப்படியே நின்றுவிடும். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினால் ஓடும். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே கதை.

புதிதாகப் பழைய கார் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டுவார்கள். அழுக்கு சேரும் இடம் தாங்கி. காபரேட்டர் அதன் கடைசித் தரிப்பிடம். "தாங்கிய விட்டுட்டுக் காபரேட்டரக் கழுவி வேலையில்ல மனே" என்று எங்கள் பக்கத்துக் கராஜ் பாஸ் ஒருவர் சொல்வார். தாங்கியில் தொடங்கி எஞ்சினை நோக்கி வருவதுதான் ஒழுங்கு. அதற்கும் முன்னால், தாங்கிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரா, துருவா, பழசாகிப்போன பெற்றோலா, டீசல் கலந்ததா? ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

எப்படிக் கெடுகிறது

எங்கள் பக்கம் முதல் எதிரி தண்ணீர். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மாரி. பாதி காலியான தாங்கிக்குள் இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, உட்சுவரில் வியர்த்து, துளித்துளியாக அடியில் சேரும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மழைத்தண்ணீரே நேராக இறங்கும். வெள்ளம் வந்த பிறகு இன்னும் கவனம் வேண்டும். முற்றத்தில் தண்ணீர் ஏறி வண்டியின் அடிப்பாகம் நனைந்திருந்தால், தாங்கியைப் பார்க்காமல் சாவியைத் திருப்பவே கூடாது. பெற்றோல் செட்டுகளின் தாங்கிகள் நிலத்துக்குக் கீழே இருப்பவை. வெள்ளம் வடிந்த கையோடு அங்கே அடிப்பதையும் சில நாள் தள்ளிப்போடுவது நல்லது.

தண்ணீர் இருந்தால் துரு வரும். பழைய தாங்கிகள் இரும்புத் தகட்டால் ஆனவை. உள்ளே இருந்த ஈய–வெள்ளீயப் பூச்சு எப்போதோ தேய்ந்திருக்கும். கடற்கரை ஓரமாக வீடு என்றால் உப்புக்காற்று வெளியிலிருந்தும் தன் பங்குக்கு அரிக்கும்.

அடுத்தது பெற்றோலின் வயது. நின்று கிடக்கும் பெற்றோலில் இலேசில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். மிச்சம் தடித்து, மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, பிசினாகப் படியும். 2022இல் வரிசையில் நின்று வாங்கிப் பதுக்கிய பெற்றோல் இன்னும் சில வீடுகளில் கேனில் இருக்கிறது. பாசத்தோடு வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் காருக்குள் ஊற்ற வேண்டாம்.

கலப்படமும் தவறி ஊற்றுவதும் மீதி. டீசல் அடித்துவிட்டார்கள் என்பது நடக்கிற காரியம்தான். தோணி எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேனைப் பெற்றோல் என்று நினைத்து ஊற்றியவர்களும் உண்டு. இவை இரண்டும் பெற்றோலோடு முழுதாகக் கலந்துவிடும், தண்ணீரைப்போலப் பிரிந்து நிற்காது. அதனால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். தாங்கியில் சீனி போட்டால் எஞ்சின் போய்விடும் என்ற ஊர்க்கதையை நம்ப வேண்டாம். சீனி பெற்றோலில் கரையாது. அடியில் மணலாகக் கிடந்து பில்டரை அடைக்கும், அவ்வளவுதான்.

வண்டி சொல்லும் அறிகுறிகள்

தண்ணீர் என்றால் எஞ்சின் துள்ளித்துள்ளி ஓடும், திடீரென நிற்கும், கொஞ்சம் விட்டு அடித்தால் வரும். துரு என்றால் நேர்ரோட்டில் வேகம் கொடுக்கும்போது மூச்சுத் திணறும், மெதுவாகப் போனால் பரவாயில்லை. பழைய பெற்றோல் என்றால் காலையில் ஸ்டார்ட் எடுப்பதே பெரும்பாடு, மூடியைத் திறந்தால் பெயின்ட் கடை வாசம் அடிக்கும். டீசலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் சைலன்சரில் புகை, பிளக்கில் எண்ணெய்க் கறுப்பு, ஏற்றத்தில் எஞ்சினுக்குள் 'டக்டக்' என்று தட்டும் சத்தம்.

இவற்றில் பல மின்சாரக் கோளாறாலும் வரலாம். பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பொயின்ட், கண்டென்சர் கெட்டாலும் இதே முகத்தைக் காட்டும். அதனால் அறிகுறியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், கீழே வரும் போத்தல் சோதனையை வைத்துச் சொல்லுங்கள்.

தொடுவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடிப்போய் நிற்கும். ஆகவே கராஜில் வண்டிக்கு அடியில் வேலை செய்யத் தோண்டிய குழி இருக்கிறதே, அதற்குள் இறங்கித் தாங்கி வடிக்கவே கூடாது. வீட்டுப் போர்ட்டிகோவும் வேண்டாம். பக்கத்திலேயே குசினி அடுப்பு இருக்கும். வெளி முற்றம், நல்ல காற்று, பகல் நேரம். சாமி விளக்கு, சிகரெட், கைத்தொலைபேசி சார்ஜர், கிரைண்டர் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று இரவல் வாங்கியாவது பக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு வாளி மணலாவது இருக்கட்டும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

பற்றரி வயரைக் கழற்றுங்கள், முதலில் ஏர்த் பக்கத்தை, அதாவது காரின் பொடியோடு இணைத்திருக்கும் வயரை. மொரிஸ் மைனர் கம்பனியிலிருந்து வந்தபோது பொசிட்டிவ் முனைதான் ஏர்த். பிறகு யாராவது மாற்றியிருக்கலாம். எந்த வயர் பொடியில் போல்ட் பண்ணியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டாம். ஊரில் எல்லோரும் செய்கிறார்கள்தான். ஒரு மிடறு பெற்றோல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் விலை குறைந்த சாமான்தான், வாங்கிக்கொள்ளுங்கள்.

போத்தல் சோதனை

தெளிவான கண்ணாடிப் போத்தல் ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுங்கள். ஜாம் போத்தல் போதும். தாங்கியின் அடியில் கிடப்பதுதான் நமக்கு வேண்டியது. எனவே மேலே இருந்து எடுக்காமல் ஹோஸை அடிவரை இறக்கி எடுக்க வேண்டும். வடிகால் போல்ட் இருந்தால் முதலில் வருவதைப் பிடியுங்கள்.

மூடி இறுக்கி, நிழலில் அரை மணித்தியாலம் அசையாமல் விடுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் ஒரு கோடு தெரியும். கொஞ்சமாக இருந்தால் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். போத்தலை மெல்லச் சரித்தால் அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, உடையாமல், ஒரே துண்டாக வழுக்கிப் போகும். அதன் பின்னால் செங்கல் நிறத் தூள் மெதுவாகப் பின்தொடர்ந்தால் துருவும் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கேசரிக்குப் போடும் தண்ணீர்க் கலரிங் ஒரு துளி விடுங்கள். அது பெற்றோலில் கரையாமல் நேரே கீழே இறங்கும். அடியில் தண்ணீர் இருந்தால் அதை மட்டும் நிறமாக்கும்.

அடுத்து வெள்ளைத் தாள். ஒரு சொட்டு பெற்றோலை விட்டுக் காற்றில் காயவிடுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் அடையாளம் இல்லாமல் போய்விடும். டீசலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் மிஞ்சும். செட்டில் புதிதாக வாங்கிய பெற்றோலையும் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டால்தான் தெளிவாகத் தெரியும்.

புதிதாக அடித்த பெற்றோலில் குறை என்று தெரிந்தால் அந்தப் போத்தலையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். முதலில் செட் முகாமையாளரிடம் பேசுங்கள். பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறைப்பாடு சொல்லலாம். பில்லும் போத்தலும் இல்லாத முறைப்பாட்டுக்குப் பெறுமதி குறைவு.

வடித்தல்

மொரிஸ் மைனரின் தாங்கி டிக்கித் தட்டுக்குக் கீழே தட்டையாகக் கிடக்கிறது. மைனர் 1000 வகையில் ஆறரைக் கலன், அதாவது சுமார் 29 லீற்றர் கொள்ளும். அடியில் வடிகால் போல்ட் உண்டு. பல வருடம் திறக்காதது என்றால் முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். முறுக்கி வராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். போல்ட்டோடு தாங்கித் தகடும் கிழிந்து வரும், 29 லீற்றரும் உங்கள் முகத்தில் கொட்டும். மேலே இருந்து ரப்பர் பம்பால் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். பெற்றோல் பிடிக்கும் கேன் தரையில் இருக்கட்டும். கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டோ, றெக்சின் சீட்டில் வைத்தோ நிரப்பினால் நிலைமின் பொறி வரும் வாய்ப்புண்டு.

காரின் சொந்த மின்பம்பை வைத்தே தாங்கியைக் காலி செய்யச் சிலர் சொல்லுவார்கள். குழாயைக் காபரேட்டரில் கழற்றிக் கேனுக்குள் விட்டு சாவியைத் திருப்பினால் அது இறைத்துத் தரும் என்பது உண்மைதான். ஆனால் மைனரில் உள்ள எஸ்யூ (SU) வகை மின்பம்ப் வேலை செய்வதே அதற்குள்ளிருக்கும் பொயின்ட் திறந்து மூடுவதால். அங்கே பொறி உண்டு. போதாததற்கு அழுக்கு முழுவதையும் பம்புக்குள்ளால் இழுக்கிறோம். நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

போத்தலில் வெறும் தண்ணீர் மட்டும், துரு இல்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முழுதாக வடித்து, இரண்டு லீற்றர் புதுப் பெற்றோல் ஊற்றி, வண்டியைப் பின்னாலிருந்து நாலு ஆட்டு ஆட்டி, மறுபடி வடியுங்கள். வருவது தெளிவாகும்வரை இதையே செய்தால் போதும். டீசல், மண்ணெண்ணெய்க் கலப்புக்கும் இதுவே. 'கொஞ்சம்தானே, மேலே பெற்றோலை நிரப்பி ஓட்டிவிடலாம்' என்று சொல்வார்கள். பழைய எஞ்சின் தாங்கக்கூடும். ஆனால் கலந்தது எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. வடித்துவிடுங்கள். தண்ணீரை விரட்டும் மருந்துப் போத்தல்களும் மிகச் சிறிய ஈரத்துக்குத்தான். அடியில் கோடு தெரியும் அளவுத் தண்ணீரை அவை ஒன்றும் செய்யாது.

துரு இருந்தால் தாங்கி கீழே இறங்க வேண்டும்

வேறு வழி கிடையாது. நிரப்பும் குழாயின் ரப்பர், பெற்றோல் குழாய், அளவுமானியின் வயர் ஆகியவற்றைக் கழற்றி, விளிம்பில் சுற்றிவர இருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்தால் இறங்கும். ஒவ்வொன்றையும் கழற்ற முன் படம் எடுங்கள். அளவுமானியின் மிதவையையும் கழற்றித் தனியே வையுங்கள், கழுவும் அமிலத்தில் அது கெடும்.

காலியான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கக் காத்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் விட்டுப் பலமுறை அலசி, வாசம் போகும்வரை விடாதீர்கள். அப்படி அலசினாலும் ஓட்டை அடைக்கக் காஸ் விளக்கையோ வெல்டிங்கையோ கிட்டக் கொண்டுவர வேண்டாம். தாங்கி ஒட்டும் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். 'ஒரு புள்ளிதானே' என்று தொடங்கிக் கை போனவர்கள் இருக்கிறார்கள்.

உதிரும் துருவை எடுக்க ஒரு முழம் இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு, சோப்புத் தண்ணீரோடு உருட்டிக் குலுக்குங்கள். சங்கிலி முனையில் கம்பி கட்டி வெளியே விட்டால் திருப்பி எடுக்கலாம். நட்டுகள் போட்டுக் குலுக்குவது நல்ல யோசனை இல்லை. தாங்கிக்குள் தடுப்புத் தகடு இருந்தால் ஒன்றிரண்டு அதன் பின்னால் ஒளிந்து, பிறகு ஒவ்வொரு வளைவிலும் சத்தம் போடும்.

ஒட்டிக்கிடக்கும் துருவுக்குச் சிட்ரிக் அமிலத் தூள். லீற்றருக்கு 50 முதல் 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தாங்கி நிறைய ஊற்றுங்கள். ஓட்டைகளை ரப்பர்க் கட்டையால் அடைக்கலாம். மூடியை மட்டும் இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். ஒரு இரவு விட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். துரு கறுத்துக் கரைந்து உலோகம் சாம்பலாகத் தெரிய வேண்டும். போதாவிட்டால் இன்னொரு இரவு. வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. கக்கூசு கழுவும் கடும் அமிலத்தைத் தொடாதீர்கள்; துருவோடு தகட்டையும் தின்னும். கழுவி வரும் தண்ணீரில் பழைய பூச்சின் ஈயமும் இருக்கலாம். கையுறை போடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

அமிலத்தை வெளியே எடுத்த உடனே அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். இனிமேல் வேகம்தான் முக்கியம். ஈரமாக விட்டால் அரை மணித்தியாலத்தில் செம்மை திரும்ப ஏறும், எங்கள் ஊர் ஈரப்பதத்தில் சொல்லவே வேண்டாம். சித்திரை வெயிலில் செய்தால் பாதி வேலை வெயிலே செய்துவிடும். காற்றடித்துக் காயவைத்து, ஒரு லீற்றர் பெற்றோலில் ஒரு சிறங்கை எஞ்சின் எண்ணெய் கலந்து உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் சுழற்றி வடித்துவிடுங்கள்.

உள்பூச்சுத் திரவம் பூசலாமா என்று கேட்பார்கள். துருவும் எண்ணெயும் முற்றாகப் போகாத தாங்கியில் பூசினால் சில வருடத்தில் தோலாக உரிந்து குழாயை அடைக்கும், அதைக் கழற்றுவது துருவைக் கழற்றுவதைவிடக் கொடுமை. அரித்துச் சல்லடையான தாங்கி என்றால் புதிது தேடுவதே மேல். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கலாம். நல்ல தகர வேலைக்காரர் இருந்தால் பழையதை அளவாக வைத்துப் புதிது செய்தும் தருவார்.

தாங்கியிலிருந்து எஞ்சின் வரை

குழாயின் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கமிருந்து தாங்கிப் பக்கமாகக் காற்றடியுங்கள். பம்ப் பூட்டியிருக்கும்போது அடித்தால் அதற்குள்ளிருக்கும் மெல்லிய சவ்வு (டயப்ரம்) கிழியும். ரப்பர் ஹோஸ்கள் பழசு என்றால் மாற்றுங்கள்; அழுத்திப் பார்த்தால் வெடிப்புத் தெரியும்.

மைனரின் எஸ்யூ மின்பம்ப் பொனட்டுக்குள், எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள சுவரில் இருக்கிறது. அதற்குள்ளேயே சிறிய வலைச் சல்லடை ஒன்று உண்டு. இதை யாரும் திறப்பதில்லை. திறந்தால் பல வருடத்துக் குப்பை அங்கே இருக்கும். கழுவிப் பூட்டுங்கள், வாஷர் புதிது போடுங்கள்.

பிறகு காபரேட்டர். மிதவைக் கிண்ணத்தின் மூடியை எடுத்து, அடியிலுள்ள சேற்றைத் துடைத்து, ஊசி வால்வையும் அதன் இருக்கையையும் தனியாகக் கழுவுங்கள். பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தக்கூடாது, துளை பெருத்தால் பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. ஊசி வால்வில் ஒரு துருத்துணுக்கு மாட்டினாலே அது மூடாது, பெற்றோல் நிரம்பி வழியும். மைனரில் காபரேட்டருக்கு நேர் கீழேதான் சூடான எக்ஸோஸ்ட். வழிகிற பெற்றோல் எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சின்ன ஊசிக்காக அரை மணித்தியாலம் செலவழித்தால் வீண் போகாது.

எஞ்சின் எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியையும் இழுத்து முகருங்கள். மட்டம் ஏறி, பெற்றோல் வாசம் அடித்தால் எண்ணெயை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பிளக்குகளைத் துடையுங்கள். தாங்கிக்கும் பம்புக்கும் இடையே உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் பில்டர் ஒன்று போடுங்கள், எக்ஸோஸ்ட்டுக்குத் தூரமாக. அழகைக் கெடுக்கிறது என்று சில பழைய கார் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

திரும்ப ஊற்றி ஸ்டார்ட் எடுத்தல்

முதலில் ஐந்து லீற்றர் மட்டும். 92 ஒக்டேன் இந்த எஞ்சின்களுக்குத் தாராளம். 95க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. எல்லாப் பூட்டும் சரியா என்று பார்த்து, கடைசியாகப் பற்றரியைக் கொடுங்கள். சாவியைத் திருப்பினால் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்து, கிண்ணம் நிறைந்ததும் மெதுவாகி நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் சாவியை மூடுங்கள்: எங்கோ காற்று இழுக்கிறது, இல்லை என்றால் பெற்றோல் வழிகிறது. துடைத்து, பார்த்து, பிறகுதான் ஸ்டார்ட்டர்.

கொஞ்ச நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, பில்டரைப் பாருங்கள். அப்புறம் வீட்டுக்குக் கிட்டவே ஒரு சுற்று. முதல் நாளே வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு விருந்துக்குப் போகக் கிளம்ப வேண்டாம். பில்டரில் செம்மண் நிறம் சேர்ந்தால் மாற்றுங்கள். இரண்டு மூன்று பில்டர் போவது வழமை. அதற்கு மேலும் சேர்ந்தால் தாங்கி இன்னும் சுத்தமாகவில்லை.

வடித்ததை எங்கே கொண்டுபோவது

கானில் இல்லை, வாவியில் இல்லை, வளவின் மூலையிலும் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை முழுக்க மணல் நிலம், கிணற்றில் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர். ஊற்றிய பெற்றோல் மணலுக்குள்ளால் இறங்கி உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேரும். அந்த வாசம் இலேசில் போகாது. கேனில் இறுக்கி மூடி, 'கெட்ட பெற்றோல்' என்று பெரிதாக எழுதி, சாமான் கழுவப் பெற்றோல் பாவிக்கும் கராஜுக்குக் கொடுங்கள். பழைய எஞ்சின் எண்ணெய் பீப்பாவுக்குள் இரகசியமாக ஊற்றிவிடாதீர்கள். அந்த எண்ணெயைப் பிறகு எரிக்க எடுக்கும் ஆளுக்கு அதில் பெற்றோல் இருப்பது தெரியாது.

மாரி தொடங்குமுன் மூடி வாஷரை மாற்றி, தாங்கியைக் கிட்டத்தட்ட நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் வியர்வையும் குறையும். மாதத்தில் ஒருமுறையாவது வெளியே எடுத்து எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். பல மாதம் நிற்கப்போகும் வண்டி என்றால் காபரேட்டர்க் கிண்ணத்தை மட்டும் காலி செய்துவிடலாம், பிசின் முதலில் படிவது அங்கேதான். தை பிறந்து மழை விட்டதும் வடிகாலில் இருந்து ஒரு ஜாம் போத்தல் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரருக்கு வண்டி தருவதாகச் சொல்லுங்கள்.